கொண்டா, பாப்போம்

என் அக்கா வீட்டுக்காரர் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. ‘தெரியாது’ என்பதும் வராது. சோற்றில் கை வைத்திருக்கும்போது யாராவது ஒரு ரேடியோவையோ டார்ச்சு லைட்டையோ தூக்கிக்கொண்டு வாசலில் நின்றால், வலது கை தட்டில் இருக்க இடது கையை நீட்டுவார்.

“கொண்டா, பாப்போம்.”

பொருள் கை மாறிய உடனே கொடுத்தவன் முகம் தெளிந்துவிடும். பாதி சரியாகிவிட்ட மாதிரிதான்.

பழுது பார்ப்பது அவருக்குத் தொழில் இல்லை. போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் தராசு பிடிக்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலைக் கழுவியதும் உட்கார்ந்துவிடுவார். கூலி வாங்க மாட்டார். ‘அண்ணே கை பட்டா ஓடாதது இல்ல’ என்று ஒரு பேச்சுச் சொன்னால் போதும், வயிறு நிறைந்துவிடும்.

உட்காருவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. துவைத்த வேட்டியை நான்காக மடித்து ஜன்னலடியில் விரிப்பார். பக்கத்தில் ஏலக்காய் பொறுக்குகிற சின்னச் சொளகு. கழற்றிய ஆணிகளை, கழற்றிய வரிசையிலேயே அதில் அடுக்குவார். ஓர் ஏலக்காயைக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் திருப்புளியைத் தொடுவார். வேலை முடிகிறவரை அந்தக் காய் கன்னத்திலேயே இருக்கும். அவர் திறந்து மூடிய எந்தச் சாமானும் வீட்டுக்குப் போய் இரண்டு நாளைக்கு மணக்கும்.

மூடி முடுக்கிய பிறகு சொளகில் எப்போதும் ஏதாவது மிஞ்சும். ஒரு சுருள் கம்பி, ஒரு வளையம், ஓர் ஆணி.

“இது எதுல இருந்து வந்துச்சு மச்சான்?” என்று கேட்டால் சிரிப்பார்.

“அது கம்பெனிக்காரன் பயத்துல போட்டது, ஆத்தா. அவனுக்கு அவன் வேலை மேலயே நம்பிக்கை இல்ல.”

மிச்சங்களையெல்லாம் ஊறுகாய் ஜாடி ஒன்றில் போட்டு வைத்திருந்தார். அக்கா அதை ஆட்டிக் காட்டுவாள். “ஊர்ல உள்ள சாமான் பூராத்துலயும் எங்களுக்குக் கொஞ்சங் கொஞ்சம் பங்கு இருக்குடி.”

பொய் சொல்லக்கூடாது. நிறையப் பொருள் அவர் கையில் உயிர் பெற்றது. என் அடுப்பு, என் மாமியாரின் தையல் மிஷின், தோட்டத்து மருந்தடிக்கிற பம்பு எல்லாம் அவர் போட்ட முடிச்சில்தான் பல வருஷம் ஓடின. ஆனால் ஓடாததையும் அவர் ஓடாதது என்று திருப்பிக் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் ரேடியோ, அவர் பார்த்த பிறகு மல்லாக்கப் படுக்க வைத்தால் மட்டும் பாடும். நிமிர்த்தினால் வாயை மூடிக்கொள்ளும். “வயசான ரேடியோ டீச்சர். படுத்துக்கிட்டுத்தான் பாடும்” என்றார். பலசரக்குக் கடைக்காரரின் சுவர்க் கடியாரம் மணிக்கு ஒன்று கூடுதலாக அடித்தது. “ஒண்ணைக் கழிச்சு எண்ணுங்க அண்ணாச்சி. யாவாரிக்குக் கழிக்கத் தெரியாதா?” என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்துவிட்டார். அந்தக் கடைக்காரர் கடைசிவரை கழித்தே எண்ணினார்.

எனக்கு முதலில் நெஞ்சில் தைத்தது ஒரு கைக்கடியாரம். மண்டியில் காய் பொறுக்குகிற ஒரு பெண், புருசன் செத்து ஆறு மாதம் இருக்கும், அவன் கட்டியிருந்த கடியாரத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். மழையில் நனைந்து நின்றுபோனது. நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். மச்சான் திறந்தார், பார்த்தார். உள்ளே சிவப்பாகத் துரு. எனக்கே தெரிந்தது, அது போய்விட்டது என்று. அவர் ஊதினார், துடைத்தார், மூடினார், உள்ளங்கையில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கி அவள் காதில் வைத்தார். டிக் டிக் என்றது. அவள் அழுதுகொண்டே போனாள். மறுநாள் வந்து, ராத்திரியே நின்றுவிட்டது என்றாள்.

“எங்க வச்ச?”

“தலைமாட்டுல வச்சேண்ணே.”

“அதான். தலைமாட்டுல வைக்கலாமா? வச்ச எடம் சரியில்ல.”

அவள் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு போனாள். அதுதான் மச்சான். அவர் கை விட்ட நேரத்தில் பொருள் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு கெட்டால் வைத்த இடம் சரியில்லை, எடுத்த கை சரியில்லை.

நாங்கள் இரண்டு பெண்கள், கடைக்குட்டியாக ஒரு தம்பி. அக்காவைப் போடியிலேயே கொடுத்தார்கள். என்னை மலைக்குக் கொடுத்தார்கள். சொந்த ஏலத்தோட்டம். எங்கள் காய் மண்டிக்குப் போனால் சாக்கை அவிழ்ப்பதற்கு முன்பே இது இன்னார் தோட்டத்துக் காய் என்று தெரிந்துவிடும். இதை நான் சொல்லவில்லை. தராசு பிடித்த மச்சானே சொன்னது. அப்படியிருந்தும் அவர் வீட்டில் எனக்கு ‘மலைக்காரி’ என்றுதான் பேர்.

எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு மார்கழி மாதம் அக்காவும் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். காலையில் குளித்துவிட்டு வந்தவர் தலைக்குத் தேய்க்க எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. மலையில் மார்கழிக்குத் தேங்காயெண்ணெய் மெழுகுக் கட்டியாக இறுகிவிடும். அடுப்பங்கல்லில் சாய்த்து வைத்துத்தான் எடுப்போம். அவருக்கு அதைப் பார்த்துச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏய், இங்க வந்து பாரு! உன் தங்கச்சி ஊர்ல எண்ணெயைக் குச்சியால குத்தித்தான் எடுக்கணும் போல.”

நிஜமாகவே ஒரு விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துப் பாட்டிலுக்குள் விட்டுக் குத்தினார். குச்சி நின்றது. குச்சி நிற்கிற பாட்டிலை அடுப்படியில் இருந்தவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினார். போடிக்குப் போய் மண்டியிலும் சொல்லிச் சிரித்தாராம். அந்தக் குச்சியை நான் மறக்கவில்லை. அவர் எப்படி மறந்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் புரியாதது.

என் தம்பி தண்ணீரில் பிறந்த மாதிரி. நாங்கள் பிறந்த ராசிங்காபுரத்துக் கிணறுகளில் குடம் விழுந்தாலும், மோட்டாரின் அடிக்குழாய் சேற்றில் மாட்டிக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே போனால் மேலே நிற்கிறவர்களுக்கு மூச்சு முட்டும், அவனுக்கு முட்டாது. வயது இருபதைத் தாண்டியதும் மலைக்கு மேலே கரண்டு எடுக்கிற அணை ஒன்றில் வேலை கிடைத்தது. தண்ணீருக்கு அடியில் மதகுக் கம்பிகளில் சிக்குகிற மரத்தையும் சகதியையும் எடுக்கிற வேலை. கடற்கரைப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் ஆட்களை வைத்திருந்தார். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். முதலில் கரையில் கயிறு பிடித்தவன், பிறகு இறங்குகிறவன் ஆகிவிட்டான். எங்கள் குடும்பத்தில் அவனைப் போல ஒருத்தன் இல்லை.

ஒரு தீபாவளிக்கு அவன் லீவில் வந்தபோது நான் போடியில் அக்கா வீட்டில் இருந்தேன். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மச்சான் முன்னால் வைத்தான். பெரிய கைக்கடியாரம் மாதிரி இருந்தது, ஒரே ஒரு முள். கண்ணாடிக்குள் பாதிக்குத் தண்ணீர் ஆடியது.

“இது என்ன மாப்ளே, தண்ணி குடிச்ச கடியாரம்?”

“கடியாரம் இல்ல மச்சான். எம்புட்டு ஆழத்துல இருக்கோம்னு காட்டும். நாங்க ஆழக் கடியாரம்னு சொல்லுவோம். அடியில ஒண்ணும் தெரியாது, கலங்கலா இருக்கும். இதோட முள்ளுதான் கண்ணு. இம்புட்டு ஆழம் போனா இம்புட்டு நேரந்தான் இருக்கணும். ஏறும்போது இதைப் பாத்து நடுவுல நின்னு நின்னுதான் வரணும். வெரசா வந்தா ரத்தத்துல காத்து நுரைச்சுரும், சோடா பாட்டில ஒடைச்ச மாதிரி.”

“நுரைச்சா?” என்றாள் அக்கா.

“ஆளு காலி.”

பாறையில் மோதி மூடி விலகிவிட்டதாம். மேஸ்திரியிடம் இருந்தது இரண்டே இரண்டு. ஒன்றை இவனை நம்பிக் கொடுத்திருந்தார். கெடுத்துவிட்டான் என்று தெரிந்தால் திரும்பக் கரையில் கயிறு பிடிக்க விட்டுவிடுவார். லீவு முடிவதற்குள் சரியாக வேண்டும்.

இந்த மாதிரி ஒரு சாமானை மச்சான் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. போடியில் யாருமே பார்த்ததில்லை. இது என்னால் ஆகாது மாப்ளே என்று சொல்ல வேண்டிய ஒரே இடம் அதுதான்.

“கொண்டா, பாப்போம்,” என்றார்.

வேட்டி விரிந்தது. சொளகு வந்தது. ஏலக்காய் கன்னத்துக்குப் போனது. மூடியைக் கழற்றியதும் தண்ணீரோடு எண்ணெய் மாதிரி ஏதோ கொஞ்சம் வடிந்தது.

“உள்ள பூராவும் எண்ணெ இருந்துச்சு மச்சான். தண்ணி அமுக்குறது பின்பக்க ரப்பர் வழியா, எண்ணெ வழியாத்தான் முள்ளுக்குப் போகுமாம். எண்ணெ ஒழுகுன எடத்துல தண்ணி ஏறிருச்சு.”

சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், அவர் வேலை அழகான வேலை. கோழி இறகைப் பெட்ரோலில் தொட்டுத் தலைமுடி கனமே உள்ள பல்சக்கரத்திலிருந்து துருவை எடுத்தார். மொட்டைமாடி வெயிலில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து அதற்குள் காயவைத்தார். சைக்கிள் டியூபை வெட்டிப் புது வளையம் போட்டார். தம்பி பக்கத்திலேயே குந்தியிருந்தான், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருசன் மாதிரி.

கடைசியில் எண்ணெய். தையல் மிஷின் எண்ணெயை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். “இது ரப்பரத் தின்னுரும்” என்றார். அது சரியான பேச்சு என்று பின்னாளில் ஒரு மெக்கானிக்கும் சொன்னான். அவருக்கு எதுவும் தெரியாமல் இல்லை. சுற்றிப் பார்த்தார். ஜன்னலில் அக்காவின் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் பாட்டில் இருந்தது. போடி வெயிலில் கண்ணாடி மாதிரித் தெளிந்த தேங்காயெண்ணெய்.

“இதைவிட சுத்தமான எண்ணெ எவன் குடுப்பான்?”

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். “தலைக்கு வைக்கிற எண்ணெயவா ஊத்துறீங்க மச்சான்?” என்றேன்.

“பின்ன, உன் தம்பி தலையக் காப்பாத்துற சாமான்ல வேற எதை ஊத்துறது?”

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். எண்ணெய் நிரம்பியது, மூடி முடுக்கப்பட்டது. அதிசயமாகச் சொளகில் அன்றைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் ராசிங்காபுரத்துக் கிணற்றுக்கே கூட்டிக்கொண்டு போய்ச் சோதனை பார்த்தார். முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு தம்பி இறங்கினான். ஒவ்வொரு முடிச்சுக்கும் முள் சரியாக நகர்ந்ததாம். கிணற்று மேட்டில் கூட்டம் கூடிவிட்டது. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இனி உன் பேரன் காலம் வரைக்கும் இது பொய் சொல்லாது மாப்ளே” என்றார். திரும்பி வந்தவர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி வந்தார்கள்.

தீபாவளிக்குப் பிறகு கொஞ்ச நாள் அணையில் கரை வேலைதான். மார்கழி பிறந்துதான் தம்பியை இறக்கினார்கள். பனி விழுகிற மாதம், மலை மேல் நிற்கிற தண்ணீர்.

கீழே போனவனுக்கு முள் பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னும் ஆழம் வரவில்லை என்று நம்பி அவன் கீழே கீழே போயிருக்கிறான், இருக்கக்கூடாத நேரம் இருந்திருக்கிறான். ஏறும்போதும் முள் அசையவில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். கரையில் உட்கார்ந்து, “கால் மரத்துப்போச்சுண்ணே” என்று மேஸ்திரியிடம் சொன்னானாம். அதற்குப் பிறகு அந்தக் கால்கள் விழிக்கவில்லை.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். இடுப்புக்குக் கீழே தீயை வைத்தாலும் தெரியாது என்றார்கள். மேஸ்திரி ஒரு தடவை வந்தார். “கையில கடியாரத்தக் கட்டிக்கிட்டு அதைப் பாக்காம ஏறிட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார். சீக்கிரத்தில் ஆட்களோடு ஊரையும் காலி செய்துவிட்டார்.

“முள்ளு நின்னுபோச்சுக்கா” என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நடுவில், மச்சான் அதற்குப் பதில் சொன்னார்.

“கிணத்துல ஓடுன முள்ளு அணையில எப்படி நிக்கும்? ஊரே பாத்துச்சுல்ல? பய அவசரப்பட்டுட்டான். இப்ப முள்ளு மேல பழியப் போடுறான். போகட்டும், சின்னப் பய.”

போகட்டும் என்று பெருந்தன்மையாக வேறு சொன்னார். போடி முழுக்க அந்தப் பேச்சுத்தான் நின்றது. அவசரக்காரப் பயல். ஊருக்குக்கூட நான் அஞ்சவில்லை. தம்பியே நாள் ஆக ஆக, “நாந்தான் சரியாப் பாக்கலையோ என்னமோக்கா” என்று சொல்ல ஆரம்பித்தான். கால் போன பிறகு அவனிடம் இருந்தது அவன் கண்ணும் நிதானமும்தான். அதையும் இந்த மனிதர் வாங்கிக்கொண்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா வீட்டில் விட எனக்கு மனமில்லை. மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். காய் உலர்த்துகிற ஸ்டோரை ஒட்டி, சூடு தாக்குகிற சுவர் ஓரமாக அவனுக்குக் கட்டில் போட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவன் பை, எதிர்ப்பக்கம் வாசல் ஓரத்து ஆணியில் தொங்கியது. அதை யாரும் திறக்கவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு காலை, குளிர் அதிகமாக இருக்கிறதே, பைக்குள் அவன் பழைய ஸ்வெட்டர் இருக்குமே என்று கையை விட்டேன். ஸ்வெட்டருக்குள் சுற்றி அந்த ஆழக் கடியாரம் இருந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளை. முள்ளே தெரியவில்லை. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. கையில் அதை வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். அடுப்பங்கல்லில் என் எண்ணெய்ப் பாட்டில் சாய்ந்திருந்தது. அதுவும் அதே வெள்ளை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எனக்கு அந்த விளக்குமாற்றுக் குச்சி ஞாபகம் வந்தது.

தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் விரலால் கண்ணாடியைத் தட்டினான்.

“எறங்குறவரைக்கும் சட்டைக்குள்ள சூட்டுல இருந்துச்சு, தெளிஞ்சுதான் கெடந்துச்சு. அடியில வெள்ளையாத்தான் தெரிஞ்சுச்சு. தண்ணி கலங்கல்னு நெனச்சேன்.”

கட்டிலை ஒட்டிய ஸ்டோர்ச் சுவரின் சூட்டில் வைத்தேன். ஓரத்திலிருந்து மெல்லத் தெளிந்தது. இறுகிக் கிடந்த முள் ஒரு நடுக்கம் நடுங்கி, தம்பி பின்பக்க ரப்பரை அமுக்கியதும் எழுந்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் நான் அன்றைக்குக் கண்டதைச் சொல்லத் தெரியவில்லை. “நான் நல்லாத்தான் பாத்திருக்கேன், என்னக்கா?” என்றான்.

இது மச்சான் வாயால் வரவேண்டும் என்று முடிவு செய்தேன். ராத்திரி முழுக்க வெளியே பனியில் வைத்து, கட்டியாக வெளுத்த பிறகு, காலையில் துணியில் பொதிந்து, காய் லோடு ஏற்றிப் போகிற எங்கள் ஜீப்பிலேயே ஏறினேன். மடியில் வைத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக இறங்க இறங்கக் காற்றுச் சூடு பிடித்தது. குரங்கணிப் பிரிவு வரும்போது துணியை விலக்கிப் பார்த்தேன். பாதி தெளிந்துவிட்டது. டிரைவரிடம், “வெரசாப் போப்பா” என்றேன். அவன் எவ்வளவு விரட்டி என்ன செய்ய. போடிக்குள் நுழையும்போது என் நெற்றியில் வேர்த்தது. கடியாரத்துக்குள் எண்ணெய், ஊற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிந்து கிடந்தது.

மச்சான் வாசலில் யாரோ கொண்டுவந்த டார்ச்சு லைட்டைப் பிரித்துக்கொண்டே நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பொதிந்ததை அவிழ்த்ததும் கை தானாக நீண்டது.

“கொண்டா, பாப்போம்.”

“மலையில இது உறைஞ்சுபோகுது மச்சான். முள்ளு நிக்குது. நீங்க ஊத்துனது தேங்காயெண்ணெ.”

அவர் பின்பக்க ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கினார். முள் துள்ளி எழுந்தது. விட்டார், இறங்கியது. மறுபடி அமுக்கினார். அந்த நாலு பேருக்கும் திருப்பிக் காட்டினார்.

“பாருங்கப்பா. நிக்குதா இது? என்னாத்தா மலைக்காரி, எங்க உறைஞ்சிருக்கு? காட்டு, குச்சியால குத்துவோம்.”

குச்சி என்ற சொல் வெளியே வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கியிருந்த ஏலக்காயை விழுங்கிவிட்டார். அவர் அதை விழுங்கி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

“மேல வந்து பாருங்க மச்சான். என் வீட்டு முத்தத்துல விடியக்காலம் வச்சுப் பாருங்க. பாத்துட்டு, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. போதும்.”

“வர்றேன்,” என்றார். “சோலி ஒழியட்டும், வர்றேன்.”

ஐஸ் கடையில் ஒரு கட்டி வாங்கி அதன் மேல் வைத்திருந்தால் அங்கேயே காட்டியிருக்கலாமே என்று என் மகன் வளர்ந்த பிறகு ஒருநாள் கேட்டான். காட்டியிருக்கலாம். நான் காட்டியிருக்க மாட்டேன். என் தம்பி கால் விவகாரத்தைத் தெருவில் ஐஸ்கட்டி வைத்து வித்தை காட்டுவதா? அவர் ஏறி வரவேண்டும். அவன் கட்டில் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். ஒரு தடவை கூப்பிட்டாயிற்று. இரண்டாம் தடவை கூப்பிடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

அவர் வரவில்லை. அக்கா மட்டும் வந்து போவாள். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கொண்டுவருவாள், மண்டியில் சரக்கு என்று, காய்ச்சல் என்று. நான் கேட்டதும் இல்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, தை மாதத்தில் என் பெரிய மகளுக்குச் சடங்கு வைத்தோம். தாய்மாமன் சீர் என் தம்பி செய்ய வேண்டியது. அவனால் எழுந்திருக்க முடியாது என்பதால் அவன் பேரில் மச்சான் தட்டை எடுத்துவருவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அதைத் தட்ட முடியாது, வந்தே ஆகவேண்டும். தம்பி முதல் நாளே முகம் மழித்துக்கொண்டான்.

நான் அந்த ஆழக் கடியாரத்தை முந்தின நாள் இருட்டும்போதே முற்றத்துச் சுவர் மேல் வைத்துவிட்டேன். நல்ல பனி. விடியும்போது பால்கட்டி மாதிரி வெளுத்திருந்தது. தம்பிக்குக் கட்டிலில் இருந்தே அது தெரியும்.

ஜீப்பு வந்தது. அக்கா தட்டோடு இறங்கினாள். பின்னால் யாரும் இறங்கவில்லை.

“எங்கக்கா மச்சான்?”

அவள் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “மலை ஏறி முடியுற மெட்டு வரைக்கும் வந்தாருடி. டீ குடிப்போம்னு எறங்குனோம். அந்த மலையாளத்தான் கடையில பழத்தப் போட்டுச் சுடுறதுக்குத் தேங்காயெண்ணெத் தகரத்த அடுப்புப் பக்கத்துல சாய்ச்சு வச்சிருந்தான். வெள்ளையா உறைஞ்சு கெடந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. டீயும் குடிக்கல. தகரத்து ஓரத்த விரலால தொட்டுப் பாத்தாரு. அப்புறம் எங்கிட்ட தட்டக் குடுத்துட்டு, ‘நீ போயிட்டு வா, எனக்குக் கால் வலிக்குது’ன்னு கீழ எறங்குற ஜீப்புல ஏறிட்டாரு.”

அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது.

மச்சான் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். ஊருக்கெல்லாம் கை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். மெட்டைத் தாண்டி மட்டும் ஏறவில்லை. செத்தபோது நான் போனேன், முறைக்கு நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன், திரும்பினேன்.

அந்தச் சடங்கு நாளில், வந்தவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி என்னைக் கூப்பிட்டான்.

“மச்சான் வரலையாக்கா?”

“மெட்டோட திரும்பிட்டாராம்.”

“என்னவாம்?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். “கால் வலியாம்.”

தம்பி போர்வைக்குள் கிடந்த தன் இரண்டு கால்களையும் பார்த்தான். பிறகு முற்றத்துச் சுவரைப் பார்த்தான். வெயில் வந்துவிட்டிருந்தது. கண்ணாடி ஓரத்திலிருந்து தெளிய ஆரம்பித்திருந்தது.

“அதை எடுத்து உள்ள வையிக்கா,” என்றான்.